ஓடைக்குப் போட்ட கையெழுத்து

ஊரில் முப்பிடாதியைக் காத்தாடிக்காரர் என்றுதான் சொல்வார்கள். காத்தாடி அவருடையதில்லை. பசுவந்தனைக்கு மேற்கே கரிசல் காட்டில் ஒரு கம்பெனி வரிசையாக நட்டுவைத்த காற்றாலைகளில் ஒன்றுக்கு அவர் வாட்ச்மேன். காற்றாலை என்பது நோட்டீஸில் வரும் சொல். ஊருக்கு அது காத்தாடி.

இளவயதில் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் பண்டல் ஏற்றினார். பிறகு லாரியில் கிளீனராகப் போய் நாக்பூர் வரை பார்த்துவிட்டு வந்தார். கல்யாணம் ஆனதும் மனைவி அழகுத்தாய் லாரியை விடச் சொன்னாள். விட்டார். கண்மாய்க்குக் கீழே இருந்த சொந்தக் காட்டில் உளுந்தும் மக்காச்சோளமும் விதைத்தார். மழை பெய்த வருடம் சாப்பிட்டார்கள். பெய்யாத வருடம் அழகுத்தாய் தீப்பெட்டி ஆபீஸ் வேனில் ஏறிப் போனாள். இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அவளுடைய தம்பி ராஜபாண்டி, கம்பெனிக்கு ரோடு போடும் காண்ட்ராக்டர், அத்தானுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தான். காக்கிச் சட்டை, ஒரு கம்பு, ஒரு டார்ச். காத்தாடியின் அடியில் சிமெண்டு மேடை, தகரக் கொட்டகை, பிளாஸ்டிக் நாற்காலி. தூக்கத்தை விரட்ட வெற்றிலை போடப் பழகினார். மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது. அந்தச் சம்பளத்தில்தான் மகளைக் கட்டிக் கொடுத்தார்கள்.

காத்தாடி மழையை விரட்டுகிறது என்று ஊரில் பாதிப் பேர் நம்பினார்கள். மேகம் கூடி வரும்போது இறக்கை அதை வெட்டி வெட்டி அனுப்பிவிடுகிறதாம். முப்பிடாதி நம்பவில்லை. அவர் அதன் அடியிலேயே உட்கார்ந்திருப்பவர். இறக்கை சுற்றும்போதே அவர் தலையில் மழை கொட்டியிருக்கிறது.

அவர் பார்த்தது வேறு. காத்தாடியின் இறக்கையை ஏற்றிக்கொண்டு வரும் நீள லாரிக்காக ராஜபாண்டி கிராவல் அடித்து உயர்த்திப் போட்ட ரோடு, அவருடைய கொட்டகைக்குப் பக்கத்தில், கண்மாய்க்கு வரும் ஓடையைக் குறுக்கே கடந்தது. கடந்த இடத்தில் ஒரு குழாய்கூட வைக்கவில்லை. கோடையில் போட்ட ரோடு. ஐப்பசியில் மழை பிடித்தபோது அது கரையாகிவிட்டது. மேற்கே தண்ணீர் தேங்கி உளுந்துக் காடுகள் முங்கின. கிழக்கே ஓடை காய்ந்து, கண்மாய் காய்ந்து, கண்மாயை நம்பியிருந்த கிணறுகளும் காய்ந்தன. அதில் ஒன்று அவருடையது. மேற்கே காடு இருந்தவன் கம்பெனியைத் திட்டினான். கிழக்கே காடு இருந்தவன் வானத்தைத் திட்டினான். இரண்டையும் ஒரே நாற்காலியிலிருந்து தினமும் பார்த்தவர் முப்பிடாதி ஒருவர்தான்.

அந்த மழையில் ஒருநாள் காலையில் அக்தர் பானு மண்வெட்டியோடு வந்தாள். ஊரில் பள்ளிவாசலை ஒட்டி ஏழெட்டு வீடுகள் உண்டு. அதில் ஒன்று அவளுடையது. அவள் கணவன் அப்துல் ரஹ்மானுக்குப் பசுவந்தனையில் பருத்தி வாங்கி விற்கும் கடை. மேற்கே இருந்த அவர்கள் காட்டைப் பார்ப்பது அவள். டிவிஎஸ் வண்டியில் உரமூட்டையை வைத்துக்கொண்டு மண்பாதையில் சறுக்காமல் போகிறவள். அவளுக்குப் பின்னால் மேலக்காட்டு ஆட்கள் நாலைந்து பேர்.

"அண்ணாச்சி, தள்ளி நில்லுங்க. ரோட்ட வெட்டி விடுதோம்."

"வெட்டக்கூடாதும்மா."

"உளுந்து முங்கிக் கெடக்கு. தெரியுதா?"

"தெரியுது."

"பெறகு?"

"பெறகு என்ன. நீங்க வெட்டினா நான் போன் போடணும். போட்டா போலீஸ் வரும். உங்க எல்லார் பேரையும் நானே சொல்லணும். பூரா பேரும் தெரிஞ்ச பேராப் போச்சு."

பின்னால் நின்ற ஒருவன், "ஏன், ரோட்டச் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டுப் போயிருவோமாக்கும்?" என்றான். பானு சிரிக்கவில்லை. மண்வெட்டியை ரோட்டில் ஊன்றினாள்.

"இன்னைக்கு வெட்டினா நாளைக்கு ராஜபாண்டி அண்ணன் மூடுவாவ. அடுத்த மழைக்கு இன்னொருத்தன் வெட்டணும். இது வெட்டித் தீருத காரியம் இல்ல. குழா வைக்கணும்," என்றாள். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனாள்.

அதன்பிறகு அவள் திங்கள்கிழமை தவறாமல் தூத்துக்குடி கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போனாள். ஊராட்சியில் தீர்மானம் போட்டு அனுப்பினால் கம்பெனியிடம் பேசலாம் என்றார்கள். அப்போதிருந்த தலைவர் தீர்மானம் போடவில்லை. கம்பெனி அவருடைய தெருவுக்கு விளக்குப் போட்டுக் கொடுத்திருந்தது. அடுத்த தேர்தல் அறிவிப்பு வந்தபோது தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கியிருந்தது. பானு, "நான் நிக்கேன்," என்றாள்.

டீக்கடை முன்னால் அவள் பேசிய முதல் கூட்டத்துக்கு வந்தவர்களைவிட டீ குடிக்க வந்தவர்கள் அதிகம். முப்பிடாதியும் டீ குடிக்கத்தான் போயிருந்தார். அவள் நீட்டி முழக்கவில்லை. ஓடைக்குக் குறுக்கே ரோடு போகிற இடத்தில் குழாய் வைக்கச் சொல்லித்தான் முதல் தீர்மானம் என்றாள். கண்மாயில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலத்தை வேரோடு எடுத்து, தூர் வாரிய வண்டலைக் காட்டுக்காரர்களுக்குக் கொடுப்பேன் என்றாள். இனி எந்தக் கம்பெனி வந்தாலும் முதலில் கிராமசபையில் வந்து, தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லிவிட்டுத்தான் மண் அடிக்க வேண்டும் என்றாள்.

கூட்டத்திலிருந்து ஒரு பையன், "காத்தாடி பூராத்தையும் தூக்குவோம்னு ஒரு வார்த்த சொல்லுங்கக்கா. ஓட்டு அள்ளிரும்," என்றான். கைதட்டினார்கள்.

"காத்தாடி மழைய வெரட்டாது தம்பி. வெரட்டும்னு சொல்லி ஓட்டு வாங்கினா, நாளைக்கு அதத் தூக்குன்னு நீ என் வீட்டு வாசல்ல வந்து நிப்ப. கரண்டு நமக்கும் வேணும். ரோடும் இருக்கட்டும். ரோட்டுக்கு அடியில தண்ணி போகணும். அவ்வளவுதான் நான் சொல்லுதது."

கைதட்டல் நின்றுவிட்டது. முப்பிடாதி டீக்கிளாசைக் கீழே வைத்தார். அவளுக்குக் கையில் விழ இருந்த ஓட்டுகளை அவளே தட்டிவிட்டதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்ததும் அவளிடம் போனார்.

"முன்மொழிய ஆளு ஆச்சா?"

"வீட்டுக்காரவியளே போடட்டும்னு இருக்கேன் அண்ணாச்சி."

"அவரு போட்டா பள்ளிவாசத் தெருவோட நின்னு போகும். நான் போடுதேன்."

பானு அவருடைய காக்கிச் சட்டையைப் பார்த்தாள். "யோசிச்சுத்தான் சொல்லுதீங்களா? அங்கன ராஜபாண்டி அண்ணன் பொஞ்சாதி நிக்காவ."

"தெரியும். எம் மச்சினன் பொண்டாட்டி எனக்குத் தெரியாதா?"

மறுநாள் சாயங்காலம் ராஜபாண்டி வெற்றிலைத் தட்டோடு வந்தான்.

அந்த ஊரில் ஓட்டுக் கேட்கிறவர் சொந்தக்காரர் வீட்டுக்கு வெறுங்கையோடு வரமாட்டார். தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்துக் கொண்டுவந்து நீட்டுவார். வீட்டு ஆண் அதிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துவிட்டால் வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். எடுக்க மனமில்லாதவர்கள் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பாப்போம்" என்பார்கள். எடுத்தபின் மனம் மாறினால் ஒரே வழிதான். எடுத்ததற்கு இரட்டிப்பாக வெற்றிலை வாங்கிப்போய், கேட்டவர் வாசலில், நாலு பேர் பார்க்கத் திருப்பி வைக்க வேண்டும். அதைச் செய்தவர்கள் ஊரில் அதிகமில்லை. செய்தவர்களை ஊர் மறந்ததும் இல்லை.

ராஜபாண்டி தட்டை அத்தானுக்கு முன்னால் பாயில் வைத்தான்.

"நாளைக்குக் காலைல மனுத்தாக்கல் அத்தான். முன்மொழியுதது நீங்கதான். வீட்டு மாப்பிள்ளை நீங்க இருக்கும்போது இன்னொருத்தன்ட்ட போவனா?"

"நிக்கது யாரு மாப்ள, நீயா ஜெயப்பிரியாவா?"

"அவதான்."

"போஸ்டர்ல உன் மூஞ்சிதான பெரிசா இருக்கு."

"அவ மூஞ்சி ஊருக்குத் தெரியாதுல்லா."

"வெளிய விட்டாத்தான தெரியும்," என்றாள் அழகுத்தாய் அடுப்படியிலிருந்து.

"நீ சும்மா இருக்கா."

முப்பிடாதி கேட்டார். "ஒண்ணு சொல்லு. ஓடைக்குக் குறுக்க ரோடு அடிச்சியே, குழா ஏன் வைக்கல?"

"பிளான்ல இல்ல."

"பிளான் போட்டவன் ஓடையப் பாத்தானா?"

"பாத்தான். சித்திரைல வந்து பாத்தான். வண்டித்தடம்னு எழுதிக்கிட்டுப் போயிட்டான்."

"உனக்குத் தெரியும்லா அது ஓடைன்னு. சின்னப் பிள்ளைல அதுல கெண்டை பிடிச்சவன்தான நீ."

"தெரியும் அத்தான். நான் வாயத் தொறந்தா அந்தக் காண்ட்ராக்டு வேறவனுக்குப் போகும். அவனும் குழா வைக்க மாட்டான். பெறகு நான் பேசி என்ன பிரயோசனம்?"

"இப்ப ஜெயிச்சா வைப்பியா?"

"மொதல்ல ஊருக்குள்ள நுழையுத எடத்துல ஒரு ஆர்ச்சு. அம்மன் பேரு, கீழ நம்ம பேரு. பெறகு ஒவ்வொண்ணாப் பாப்போம்."

"ஆர்ச்சு எதுக்குடா? வாரவனுக்கு ஊரு தெரியாமப் போயிருமா?" என்று தொடங்கி முப்பிடாதி ஓடையைப் பற்றிப் பேசினார். மேற்கே தண்ணீர் நின்ற கணக்கை, கிழக்கே கிணறு வற்றிய கணக்கை நிதானமாகச் சொன்னார். ராஜபாண்டி மறுத்துப் பேசவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேச்சு ஓடையில் இருந்தபோது கை தன்பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்தது. வேட்டியில் துடைத்தது. காம்பைக் கிள்ளி, நுனியைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி மடித்து வாயில் வைத்தது. அழகுத்தாய் அடுப்படி வாசலுக்கு ஓடிவந்தாள். அதற்குள் அவர் இரண்டு கடி கடித்துவிட்டார்.

"சந்தோசம் அத்தான்," என்றான் ராஜபாண்டி.

முப்பிடாதி வாயில் இருந்ததைத் துப்ப வாசலுக்குப் போய் வருவதற்குள் அவன் தட்டை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டான். போன அவசரத்தில் ஒரு காலில் அவன் செருப்பும் மறுகாலில் முப்பிடாதியின் செருப்பும் போயின.

அழகுத்தாய் தூணில் சாய்ந்து நின்றாள்.

"எடுத்துட்டீங்க."

"கை எடுத்துருச்சு."

"கை யாரோடது?"

அவர் பானுவுக்குச் சொன்ன வாக்கையும் சொன்னார். அழகுத்தாய் கேட்டுக்கொண்டாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் உலையைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"என் ஓட்டு எந்தம்பி வீட்டுக்குத்தான். அவன் செஞ்சது தப்புன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போடுவேன். அது என் சோலி. ஆனா நீங்க ரெண்டு வீட்டுக்கும் வாக்குக் குடுத்துட்டு நடுவுல நிக்காதீங்க. பாக்க நல்லாயில்ல."

"வேல போயிரும் அழகு."

"போகும்."

"போனா?"

"லாரிய விடச் சொன்னப்பவும் இதே மாதிரிதான் கேட்டீங்க. பட்டினி கெடந்தா செத்தோம்? போங்க, காலைல கடை திறந்ததும் வெத்தலை வாங்கிட்டு வாங்க. நல்ல எலையாப் பாத்து வாங்குங்க. கிழிஞ்ச எலையக் கொண்டுபோய் எந்தம்பி வாசல்ல வைக்காதீங்க."

காலையில் தட்டை அவளே புளி போட்டு விளக்கிக் கொடுத்தாள்.

ராஜபாண்டி வீட்டு வாசலில் இரண்டு வேன் நின்றது. மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஜெயப்பிரியா பட்டுச்சேலையில், யாரோ கழுத்தில் போட்ட மாலையோடு, எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றாள். தட்டோடு வரும் முப்பிடாதியைப் பார்த்து ஒருவன் குரல் கொடுத்தான். "ஏலே, வீட்டு மாப்பிள்ளை வந்தாச்சு. மாலையக் கொண்டாங்க."

முப்பிடாதி தட்டை வாசற்படியில் வைத்தார்.

"மாப்ள, நேத்து ஒண்ணு எடுத்தேன். இதுல ரெண்டு இருக்கு."

மேளம் நின்றது.

"அத்தான், வெளையாடாதீங்க. நல்ல நேரம் போய்க்கிட்டிருக்கு."

"நான் பானுவுக்குக் கையெழுத்துப் போடப்போறேன். அதச் சொல்லாமப் போனா தப்பு."

"பாய் வீட்டுக்கா? அவ என்ன குடுத்தா உங்களுக்கு?"

"ஒண்ணும் குடுக்கல. ஓடைக்குக் குழா வைக்கேன்னா. நீ ஆர்ச்சு வைக்கேங்குத. எனக்கு ஊருக்குள்ள வரப்போகச் சிரமம் ஒண்ணும் இல்ல மாப்ள. தண்ணிக்குத்தான் இருக்கு."

வேனுக்குள்ளிருந்து யாரோ சிரித்தார்கள். ராஜபாண்டி திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது.

"காத்தாடிக்குக் கீழ நாக்காலி போட்டு உக்கார வச்சது யாரு அத்தான்?"

"நீதான். அத எடுத்துக்கோ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஜெயப்பிரியா மாலையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தாள். "இட்லி அவிச்சு வச்சிருக்கு. சாப்பிட்டுட்டுப் போங்கண்ணே."

"இன்னொரு நாளைக்கு வாரேன்மா. நல்லா நில்லு, பயப்படாத," என்றார் முப்பிடாதி. தன்னுடைய இடதுகால் செருப்பை வாசலில் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்.

ஓட்டப்பிடாரம் யூனியன் ஆபீசில் கூட்டமாக இருந்தது. அலுவலர் மனுவைப் புரட்டிவிட்டு, "முன்மொழிபவர் வேட்பாளருக்கு என்ன உறவு?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்வியில்லை, பேச்சுக்குக் கேட்டார்.

"ஒரே ஓடை," என்றார் முப்பிடாதி.

அவர் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். லாரி டிரிப் சீட்டில் போட்டுப் பழகிய, கடைசி எழுத்துக்கு ஒரு சுழி போடும் கையெழுத்து.

அந்த வாரமே கம்பெனி சூப்பர்வைசர் போனில் கூப்பிட்டு நாளையிலிருந்து வேறு ஆள் என்றார். முப்பிடாதி காரணம் கேட்கவில்லை. டார்ச்சையும் கம்பையும் கொண்டுபோய்க் கொடுத்தார். காக்கிச் சட்டை அவர் சொந்தக் காசில் தைத்தது. அதைப் போட்டுக்கொண்டே ஓட்டுக் கேட்கப் போனார்.

அவருக்கு வீடுவீடாகப் பேச வராது. வேறொன்று செய்தார். ஷேர் ஆட்டோவில் நாலு பேர், ஐந்து பேராக ஏற்றிக்கொண்டு அந்த ரோட்டுக்குப் போவார். ஓடையைக் கடக்கும் இடத்தில் இறக்கி நிறுத்துவார். "அங்கிட்டுப் பாருங்க," என்பார். கோரை மண்டி, பாசி பிடித்துக் கிடக்கும் தண்ணீர். "இப்ப இங்கிட்டுப் பாருங்க." வெடித்துக் கிடக்கும் ஓடை. அவ்வளவுதான் பிரசாரம். திரும்பும் வழியில் பானுவின் சின்னம் மூக்குக்கண்ணாடி என்று ஒரு தடவை சொல்வார். கிழக்குக் காட்டுக்காரர்கள் சிலர் ரோட்டைக் குறுக்கே நடந்து அளந்து பார்த்தார்கள். தங்கள் கிணறு ஏன் வற்றியது என்பதை அவர்கள் அதுவரை மேற்கே வந்து பார்த்ததில்லை.

புது வாட்ச்மேன், அவருக்கும் தூரத்துச் சொந்தம்தான், தயங்கித் தயங்கி வந்தான். "அண்ணாச்சி, இங்கன யாரும் நிக்கக்கூடாதுன்னு சொல்லச் சொன்னாவ."

"சொல்லிட்டேல்லா. சரி," என்றார் முப்பிடாதி. நின்ற இடத்திலேயே நின்றார்.

ஊர் சும்மா விடவில்லை. "என்ன காத்தாடிக்காரரே, எப்பக் குல்லா மாட்டப்போறீரு?" என்று டீக்கடையில் கேட்டார்கள். "ரம்சான் கஞ்சி எனக்கு ரொம்ப நாளாப் பிடிக்கும். நீயும்தான் ரெண்டு வாளி வாங்கிட்டுப் போவ," என்றார். கேட்டவனைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

ஓட்டுப்பதிவு அன்று அழகுத்தாயும் அவரும் ஒன்றாகத்தான் போனார்கள். ரோஸ் நிறச் சீட்டில் அவள் ஜெயப்பிரியாவின் பூட்டுசாவிக்குக் குத்தினாள். வெளியே வந்து அதைச் சத்தமாகச் சொன்னாள். ராஜபாண்டி கேட்கட்டும் என்று சொன்னாள். வீட்டுக்கு வந்து இருவரும் சேர்ந்து மக்காச்சோளத்துக்குக் களை எடுக்கப் போனார்கள். எண்ணிக்கையில் பானு கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள். மேலக்காட்டு ஓட்டு எதிர்பார்த்ததுதான். கீழக்காட்டிலிருந்து விழுந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை.

முதல் கிராமசபையில் குழாய்த் தீர்மானம் நிறைவேறியது. கம்பெனி உடனே அசையவில்லை. பானு தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பவும் திங்கள்கிழமைகளில் அலைந்தாள். இப்போது தலைவி என்பதால் உட்கார நாற்காலி கொடுத்தார்கள். அடுத்த மழைக்கு முன்னால் கம்பெனி ஒத்துக்கொண்டது. வேலை ராஜபாண்டிக்குப் போனது. சுற்றுவட்டாரத்தில் ஜேசிபியும் ஆளும் வைத்திருப்பவன் அவன்தான்.

"போட்டவனே பிரிக்கான்," என்று அழகுத்தாய் சிரித்தாள். "எப்படியோ எந்தம்பிக்கு ரெண்டு தடவ கூலி."

ரோட்டை வெட்டிய அன்று பானு யூனியன் கூட்டத்துக்குப் போயிருந்தாள். முப்பிடாதி காட்டுக்குப் போகும் வழியில் நின்று பார்த்தார். ஜேசிபி பாதி ஆழம் தோண்டியதும் அடியில் சுக்கான் பாறை தட்டியது. ராஜபாண்டி கையைக் காட்டி நிறுத்தினான். குழாயை அந்த மட்டத்திலேயே உருட்டி வைக்கச் சொன்னான். ஆட்கள் குழாயை விளிம்புக்குக் கொண்டுவந்தார்கள்.

முப்பிடாதி பள்ளத்துக்குள் இறங்கி உட்கார்ந்தார்.

மனுத்தாக்கல் நாளுக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டதில்லை. ராஜபாண்டி மேலே குந்திக் குனிந்து பார்த்தான்.

"அத்தான், எந்திரிங்க. குழா வரணும்."

"இந்த மட்டத்துல வச்சா இடுப்பளவு தேங்குன பெறகுதான் தண்ணி குழாய்க்கு ஏறும். மேலக்காடு அதுக்குள்ள முங்கிரும்."

"அடில பாறை இருக்கு."

"பொறுமையா உடைக்கச் சொல்லு."

"இன்ஜினியர் நேத்தே எடத்தப் பாத்துட்டுப் போயிட்டாரு. அவரு சொன்னதத் தலைவியே ஒத்துக்கிட்டாவ. நீங்க யாரு இடையில?"

"அந்தத் தலைவிக்கு மொதக் கையெழுத்துப் போட்டவன். வேற யாரு?"

ராஜபாண்டி எழுந்து நின்று ரோட்டில் இரண்டு பக்கமும் பார்த்தான். மேற்கே பார்த்தான், கிழக்கே பார்த்தான். வானத்தில் மேகம் கூடியிருந்தது. பிறகு ஜேசிபி டிரைவரிடம், பாறையை உடைக்கச் சொல்லிக் கையைக் கீழே காட்டினான்.

"அண்ணே, உள்ள ஆளு இருக்காவ," என்றார் டிரைவர்.

முப்பிடாதி எழுந்திருக்கவில்லை. தோண்டுவதற்கு இடம் விட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.